அடியும் வாக்குமூலமும்

[நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு]



சிலப்பதிகாரத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு தலைவர் அவர்கள் பணித்தார்கள். அப்பணியை மீறேன், ஆயினும் அக்காப்பியத்தின் ஒரு பகுதியைக் கைவிளக்காகக் கொண்டு, இன்று நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் ஒரு பொருளைக் காட்ட விழைகின்றேன். அப்பொருள் யாதெனின், போலீசார் கைக்கொள்ளும் அடியும், குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு உரிய நேர்மையான விசாரணையும் என்பதாம்.

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற மாதக் கூட்டம் முடிந்தபின் நாம் சிலர் இம்மண்டபத்துத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த தெருவில் நகை களவு போன செய்தி வந்தது. ஐயத்தின்மேல் ஓர் இளைஞனைப் பிடித்திருக்கின்றார்கள் என்றார் ஒருவர். "முட்டிக்கு முட்டி தட்டினால் உண்மை தானே வெளிவரும்" என்றார் மற்றொருவர். "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்" என்று பழமொழியும் எழுந்தது. எல்லோரும் நகைத்தோம். அங்ஙனம் நகைத்தவருள் நானும் ஒருவன். அப்பழமொழியிலுள்ள அடி என்பது இறைவன் திருவடியைக் குறிக்கும் என்று பொருள் கூறுவாரும் உளர் என்று என் புலமையைக் காட்டினேனேயன்றி, பிடிபட்டவன் உண்மையிலேயே திருடினானா என்று கேட்டேனில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

மதுரையில் நிகழ்ந்ததை முதலில் எண்ணுவோம். கோவலன் தன் மனைவியின் சிலம்பை விற்க வந்தான். அரசியின் சிலம்பைக் கவர்ந்திருந்த பொற்கொல்லன், கள்வன் அகப்பட்டான் என்று அரசனிடம் சென்று கூறினான். அரசனோ ஊடிய தேவியைத் தேற்றுதற்கு விரைந்து கொண்டிருந்தான். சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருக என்று காவலர்க்குக் கட்டளையிட்டு அப்பாற் சென்றான். காவலர் கோவலனைக் கண்டனர். இவன் முகத்திற் கள்வன் குறி இல்லையே என்று தயங்கினர். அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் களவு நூலின் சூழ்ச்சிகளை எடுத்துரைத்துக் கெடுத்தான். குடிவெறி கொண்ட கல்லாதான் ஒருவன் வாளை வீசினான். அவ்வளவே.

இந்நிகழ்ச்சியில் இல்லாதன யாவை என்று நோக்குங்கள். குற்றஞ் சாட்டப்பட்டவனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. குற்றஞ் சாட்டியவன் யார், அவனுக்கு இதில் என்ன நயம் உண்டு என்று வினவவில்லை. சிலம்பைக் கையில் எடுத்துப் பார்க்கவுமில்லை. பின்னர்க் கண்ணகி அவை புகுந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன், தம் சிலம்பின் பரல் முத்து என்றான். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளியாயிற்று. ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் நேரமே அவ்வழக்கிற்கு வேண்டியிருந்த விசாரணை நேரம்! அந்நேரத்தைக் கொடுக்க மனமில்லாமையால் ஒரு குடும்பம் அழிந்தது, அரசன் உயிர் துறந்தான், நகர் எரிந்தது. பாண்டியனைக் கொடியவன் என்று அக்காப்பியம் கூறவில்லை என்பதையும் கருதுக. தன் பிழையை உணர்ந்த அக்கணத்தில், தானே கள்வன் என்று கூறி வீழ்ந்தவன் அவன். நல்லவன் அவசரத்தால் செய்த கொலை அது. ஆதலின் நல்லவராகிய நமக்கே அக்கதை பாடமாகும்.

திருவள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையையும், அதனையடுத்து வெருவந்த செய்யாமையையும் வைத்த முறையும் ஆராயத்தக்கது. குடிகள் அஞ்சத்தக்க செயலைச் செய்யாமை அரசனுக்கு ஒரு தனி அதிகாரமாகவே விதிக்கப்பட்டிருக்கின்றது. அவ்வதிகாரம் ஒறுத்தலை விலக்கவில்லை. தக்கபடி ஆராய்ந்து, குற்றம் மீண்டும் நிகழாதவாறு, அளவறிந்து ஒறுக்கவேண்டும் என்றே கூறுகின்றது. ஆராய்தல் முன், ஒறுத்தல் பின். இம்முறை பிறழ்ந்தால் ஒறுத்தல் என்பது வேறு பெயர் பெறும்.

இனி நூலைவிட்டு நாட்டு வரலாற்றுக்கு வருவோம். கிட்டி என்னும் சொல்லை நம் சிறுவர் கிட்டிப்புள் ஆட்டத்தில் வழங்குவர். அதே சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. இரு கோல்களை ஒரு முனையிற் பிணைத்து, இடையில் மனிதனுடைய விரல்களை வைத்து நெரிக்கும் கருவிக்கும் கிட்டி என்றே பெயர். அண்ணாந்தாள் என்பது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத் தண்டனைகளுள் ஒன்று. கழுத்தையும் காலையும் கயிற்றாலோ அவனவன் துணியாலோ பிணித்து, வளைந்த நிலையில் நெடுநேரம் நிறுத்துதற்கும் அச்சொல் வழங்கிற்று. இவ்விரு தமிழ்ச் சொற்களும் ஆங்கில எழுத்துக்களில் அச்சேறி இங்கிலாந்து வரை சென்ற கதையை நீங்கள் அறிதல் வேண்டும்.

1854 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில், சென்னை இராசதானியில் வரி தண்டுதற்பொருட்டுக் குடிகளை வதைக்கின்றார்கள் என்ற பேச்சு எழுந்தது. அதன்மேல் அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கத்தார் மூவர் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்தனர். அம்மூவருள் ஒருவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் வழக்கறிஞர். நேரில் வந்து முறையிட்டோரும் கடிதம் எழுதியோருமாக ஏறக்குறைய இரண்டாயிரம் பேருடைய முறையீடுகள் அக்கமிஷனுக்குக் கிடைத்தன. 1855 ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. வரி வாங்குதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும் வதை வழங்கிவருகின்றது என்பதை அவ்வறிக்கை ஏற்றுக்கொண்டது. கிட்டியும் அண்ணாந்தாளும், வெயிலில் நிறுத்துதலும், கண்ணில் மிளகாய் இடுதலும் அதிற் பேசப்பட்டன. வதை உண்டு என்பதினும், வதைபட்டவன் நீதி பெறுதல் அரிது என்பதே தம் மனத்தை மிகுதியும் வருத்தியதாக அக்கமிஷனார் எழுதினர். கீழ் உத்தியோகஸ்தரான இந்தியர்மேற் பழியை ஏற்றி, மேலிருந்த ஐரோப்பிய அதிகாரிகளை அவர்கள் விடுவித்தது ஒரு குறையே. அக்குறையைக் கார்ல் மார்க்ஸ் 1857 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகையொன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி எழுதியபோது சுட்டாமல் விடவில்லை.

அக்காலத்தில் வரி தண்டுவோரும் குற்றவாளியைப் பிடிப்போரும் ஒருவராகவே இருந்தனர். அறிக்கைக்குப் பின்னர், 1859 ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டத்தால் போலீஸ் தனி இலாகாவாக அமைந்தது. 1861 ஆம் ஆண்டில் வந்த குற்ற விசாரணைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கூறிய குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாகாது என்று விதித்தது. அவ்விதியே 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25 ஆம் பிரிவாக நின்றது. 2024 ஜூலை முதல் நாளன்று அச்சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அவ்விதி 23 ஆம் பிரிவாக நிலைபெற்றிருக்கின்றது. பெயர் மாறினும் பொருள் மாறவில்லை. அன்பர்களே! நம் முன்னோர் விரல்கள் கிட்டியில் நெரிந்ததன் விலையாகக் கிடைத்த விதிகளுள் அதுவும் ஒன்று என்பதை மறவாதீர்கள்.

திருடனிடத்து இரக்கங் காட்டுதற்காக எழுந்த விதி இது என்று பலர் நினைக்கின்றனர். அன்று. உண்மையை அறிதற்காக எழுந்த விதி. இதனை நான் சட்ட நூலிற் கற்கவில்லை. என் வகுப்பறையிற் கற்றேன்.

நான் ஆசிரியப் பணியில் அமர்ந்த தொடக்க காலம். எட்டாம் வகுப்பு மாணவர் சுற்றுலாவுக்கென்று செலுத்திய 1,200 ரூபாய் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் நண்பகல் இடைவேளைக்குப் பின் பணத்தைக் காணவில்லை. இடைவேளையில் வகுப்பறையில் இருந்தவன் ஒரு பையனே என்று மற்றவர்கள் கூறினர். அவன் வறியவன். வறியவன் என்பதே என் மனத்திற் பாதிச் சாட்சியமாயிற்று. வகுப்பின் முன் நிறுத்திப் பிரம்பை எடுத்தேன். எடுக்கவில்லை ஐயா என்றான். அடித்தேன். மீண்டும் இல்லை என்றான். மீண்டும் அடித்தேன். ஐந்தாம் முறை, எடுத்தேன் என்றான். எனக்கு வெற்றிக் களிப்பு! எங்கே வைத்தாய் என்றேன். அம்மாவிடம் கொடுத்தேன் என்றான். பிரம்பை ஓங்கினேன், கிணற்றடியிற் புதைத்தேன் என்றான். தோண்டினோம், இல்லை. மறுபடியும் ஓங்கினேன், கடையிற் செலவழித்துவிட்டேன் என்றான். ஒரே களவுக்கு மூன்று வரலாறுகள்! அப்போதேனும் எனக்கு அறிவு வந்திருக்க வேண்டும்; வரவில்லை. மறுநாட் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்தபோது அதன் உறைக்குள் அப்பணம் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே அங்கே செருகி வைத்து மறந்திருந்தேன்.

பையனைத் தனியே அழைத்தேன். எடுக்காத பணத்தை எடுத்ததாக ஏன் கூறினாய் என்றேன். "ஆமாம் என்று சொன்னால் நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன் ஐயா" என்றான். அவ்வொரு தொடரில் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு முழுதும் அடங்கியிருக்கின்றது. அடிபட்டவன் கூறுவது உண்மையன்று. அடி நிற்றற்கு எது வேண்டுமோ அதனையே கூறுவான். நெஞ்சுரம் மிக்க கள்வன் அடியைப் பொறுத்து இல்லை என்பான். மெலிந்த நிரபராதி பொறாது ஆம் என்பான். ஆகவே அடி அளந்து காட்டுவது குற்றத்தையன்று, உடம்பின் வலிமையையே.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் தனியறையிற் கேட்டேன். அடித்தது நாற்பது பேர் முன், மன்னிப்பு ஒருவருமறியாமல். அவன் அதன்பின் இரண்டாண்டுகள் என்னிடம் பயின்றான். ஒரு நாளும் என் வகுப்பில் விடை கூறக் கை உயர்த்தவில்லை. சென்ற மாதம் திண்ணையில் நாம் நகைத்த இரவில் எனக்கு உறக்கம் வாராமைக்குக் காரணம் இதுவே.

என் கையிலிருந்தது பிரம்பு. என்மேல் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். மாலை மணி அடித்தால் பையன் வீடு செல்வான். கதவடைத்த ஸ்டேஷனில், இரவில், உறவினர் அறியாமல், இலத்தி ஏந்தியவர் பலரும் பிடிபட்டவன் ஒருவனுமாக இருக்குமிடத்தில் என்ன நிகழும் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்குமேற் கடையைத் திறந்து வைத்தனர் என்று பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுள் ஒருவர்பின் ஒருவராக உயிர் நீத்தனர். மத்தியப் புலனாய்வுத் துறையார் அவ்வழக்கை ஏற்றுப் போலீசார்மேற் கொலைக்குற்றம் சாட்டினர். 2025 ஜூன் மாதத்தில் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில், நகை காணாமற் போயிற்று என்ற புகாரின்மேற் கோயிற் காவலாளியான ஓர் இளைஞர் விசாரணைக்கென்று கொண்டு செல்லப்பட்டு, 28 ஆம் நாளன்று இறந்தார். போலீசார் ஐவர் கைதாயினர்; அவ்வழக்கும் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. மடப்புரம் மதுரைக்கு அணித்தாக உள்ள ஊர். காணாமற் போனது ஒரு நகை. கேளாமற் போனது ஒருவன் சொல். கோவலன் கதை பழங்கதை என்று எவ்வாறு கூறுவேன்?

ஈண்டு ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்ட அப்போலீசாருக்கும் நேர்மையான விசாரணை உரியதே. அவர்களையும் கேட்டு, சாட்சியங்களை ஆராய்ந்து, நியாயஸ்தலமே தீர்ப்புக் கூறவேண்டும். அவர்கள் மறுத்ததாகச் சொல்லப்படும் உரிமையை அவர்களுக்கும் மறாது வழங்குவதே அறத்தின் சிறப்பு. மேலும், போலீசார் எல்லோரும் கொடியர் என்று நான் கூறவில்லை. இரவு பகலாக உழைத்து, திருவிழாக் கூட்டத்தில் நம் குழந்தைகளைக் காத்து, விடுப்பின்றி வருந்துவோர் பலர். பாயும் கொள்ளையனைத் தடுத்தற்கும், தப்பியோடுவோனைப் பிடித்தற்கும் வேண்டிய அளவு வலிமையைச் சட்டமே அவர்க்கு அளித்திருக்கின்றது. ஆயின் பிடித்தபின், கட்டுண்டு நிற்பவன்மேல் விழும் அடிக்கு எச்சட்டமும் இடம் தரவில்லை.

சட்டத்திலே ஒரு சிறு வாயிலும் உண்டு. பிடிபட்டவன் கூறியதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அப்பொருளைக் காட்டிய அளவு அவன் கூற்று ஏற்கப்படும் என்பது பழைய சட்டத்தின் 27 ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் அஃது உண்டு. களவு வழக்கில் நகை கிடைத்தால் வழக்கு நிற்கும் என்னும் இந்நிலையே அடிக்கத் தூண்டும் காரணங்களுள் ஒன்று. மற்றொரு காரணம் நாம். நகையை இழந்தவன் ஸ்டேஷன் வாயிலில் நின்று, "இன்னும் என்ன விசாரணை?" என்று அவசரப்படுத்துகின்றான். ஊரார் இரண்டு போட்டுக் கேளுங்கள் என்கின்றனர். விசாரணை என்னும் நல்ல சொல்லே ஸ்டேஷன் வாயிலில் அடி என்று பொருள்படத் தொடங்கிவிட்டது. சொல்லைக் கெடுத்தவர் போலீசார் மட்டுமல்லர்.

நியாயஸ்தலத்தில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன, கொடியவன் தப்பிவிடுகின்றான், ஆதலாற் போலீசாரே தண்டித்துவிடுதல் நன்று என்பார் உளர். தாமதம் உண்மை, அதற்கு மருந்து நியாயாதிபதிகளையும் நல்ல புலன்விசாரணையையும் பெருக்குதலேயன்றி நியாயத்தை ஒழித்தலன்று. 2019 டிசம்பர் 6 ஆம் நாள் ஐதராபாத்துக்கு அருகில், ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது மக்கள் அப்போலீசார்மேற் பூமாரி பொழிந்தனர். அக்குற்றம் கேட்டோர் நெஞ்சம் எரியத்தக்கதே. ஆனால் உச்ச நீதிமன்றம் நியமித்த கமிஷன், சாகவேண்டும் என்ற கருத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்று 2022 ஆம் ஆண்டில் அறிவித்தது. குற்றவாளிகள் அவர்களே என்று உலகறிய நிறுவும் வாய்ப்பும், இறந்த பெண்ணுக்காக நியாயஸ்தலம் ஒரு தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பும் அன்றே மாய்ந்தன. நிரபராதி ஒருவன் அவர்களுள் இருந்திருப்பின் அவனை இனி யார் அறிவார்?

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, சட்டம் அளித்திருப்பதை அறிந்து கொள்ளுதல். பிடிபட்டவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பதும், அவன் தனக்கு வேண்டிய வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்பதும் இந்திய அரசியலமைப்பின் 22 ஆம் பிரிவு. தனக்கு எதிராகத் தானே சாட்சி கூற ஒருவனையும் வற்புறுத்தலாகாது என்பது 20 ஆம் பிரிவு. 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில், கைது செய்வோர் பெயர் தெரியும் அடையாளம் அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்கு அறிவிக்க வேண்டும், காவலில் உள்ளவனை 48 மணி நேரத்துக்கொரு முறை வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்பன முதலிய விதிகளை வகுத்தது. ஸ்டேஷன்தோறும் காமிராக்கள் வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் ஆணையிட்டது. பொருளில்லாதவனுக்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு. மாஜிஸ்திரேட்டின் முன் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வந்தால், ஒப்புக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயமில்லை என்று முதலில் அவனுக்கு உணர்த்தல் வேண்டும். விதிகள் இவ்வளவு இருந்தும் மரணங்கள் நிகழ்வது ஏன்? அவ்விதிகளைக் கேட்பார் ஒருவர் ஸ்டேஷன் வாயிலில் இல்லாமையாலேயே.

ஆகவே இரண்டாவதாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இவ்வூரில் ஒருவன் பிடிபட்டான் என்று கேட்டால் நம்மில் இருவர் அன்றே சென்று, அவன் எங்கே இருக்கின்றான், கைதுக் குறிப்பு எழுதப்பட்டதா, வீட்டாருக்கு அறிவிக்கப்பட்டதா என்று பணிவாகக் கேட்க வேண்டும். அவ்வளவு கேட்டாலே பல கைகள் அடங்கும். ஆனால், நம்மவன் ஆனால் மட்டும் செல்வோம் என்பீராயின் அது நியாயத்துக்குச் செய்யும் உதவியன்று. உறவினனுக்குச் செய்யும் உதவியே. கோவலன் மதுரைக்கு அயலூரான். அவனுக்காகக் கேட்பார் அந்நகரில் இல்லை. அயலானுக்காகச் செல்லும் கால்களே அறத்தின் கால்கள். சென்ற மாதம் பிடிபட்ட அவ்விளைஞன் நம் சமூகத்தவன் அல்லன் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவனுக்காக நாம் யாரும் செல்லவில்லை என்பதையும் அறிவீர்கள்.

அன்பர்களே! என் மாணவனிடம் தனியறையிற் கேட்ட மன்னிப்பை இன்று இவ்வவையிற் கேட்கின்றேன். அவன் இங்கில்லை, அவன் பெயரையும் கூறேன். ஆயினும் பலர் முன் செய்த பிழையைப் பலர் முன் ஒப்புக்கொள்வதே முறை. ஒருவரும் என்னை அடிக்கவில்லை; ஒருவரும் அச்சுறுத்தவில்லை. ஆதலின் இவ்வொப்புதலை நீங்கள் உண்மையென்று நம்பலாம்.

கூட்டம் முடிந்தபின் நான் ஸ்டேஷனுக்குச் சென்று, அவ்விளைஞன் வழக்கு எந்நிலையில் இருக்கின்றது என்று கேட்கக் கருதியிருக்கின்றேன். உடன் வர விரும்புவோர் வருக.